குளுசை போட்ட தேத்தண்ணி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சீனிக்குப் பதிலாகப் பாவிக்கும் இனிப்புக் குளுசைகள், தூள்கள், ‘சீனி இல்லாத’ சோடாக்கள் பற்றி வன்னி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம். ஒரு பொது மருத்துவரும் ஒரு உணவியலாளரும் பதில் எழுதுகிறார்கள்.

கேள்வி: சீனி வருத்தம் வந்தபிறகு தேத்தண்ணிக்கு அஸ்பார்ட்டேம் குளுசை போட்டுக் குடிக்கிறேன். அது புற்றுநோயைத் தரும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டதாக யாரோ அனுப்பிய செய்தியைப் பார்த்துவிட்டு, அம்மா போத்தலோடு தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டார். யார் சொல்வது சரி?
— வாசகி, ஒட்டுசுட்டான்

செய்தி பாதி உண்மை. 2023 யூலையில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் அஸ்பார்ட்டேமை ‘2பி’ என்ற பிரிவில் போட்டது. ‘புற்றுநோயை உண்டாக்கக்கூடும், ஆனால் சான்று போதாது’ என்பதுதான் அந்தப் பிரிவின் கருத்து. ஒரு பொருளுக்குக் கெடுதி செய்யும் தன்மை இருக்கிறதா என்று மட்டுமே இந்த முகவரகம் பார்க்கும். எவ்வளவு சாப்பிட்டால் கெடுதி என்று பார்ப்பது வேறொரு குழு. அந்தக் குழுவும் அதே நாட்களில் கூடி, பழைய அளவை மாற்றத் தேவையில்லை என்று அறிவித்தது. உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்பதே அந்த அளவு. அம்மாவுக்கு வந்த செய்தியில் இந்த இரண்டாம் பாதி இருந்திருக்காது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் 60 கிலோ என்றால் உங்கள் எல்லை ஒரு நாளைக்கு 2,400 மில்லிகிராம். ஒரு குளுசையில் ஏறத்தாழ 20 மில்லிகிராம் இருக்கும். தினமும் 120 குளுசை போட்டால்தான் எல்லையைத் தொடுவீர்கள். அதுவும் வாழ்நாள் முழுக்கத் தினமும் எடுத்தாலும் தீங்கில்லை என்று, பெரிய இடைவெளி விட்டு வகுத்த எல்லை. ஒருநாள் தாண்டினால் ஆபத்து என்று பொருளில்லை.

கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே 2பி பிரிவில்தான் இருக்கிறது. பாக்கோ ஐயத்துக்கு இடமில்லாத முதலாம் பிரிவில் இருக்கிறது. அம்மாவுக்கு வெற்றிலை பாக்குப் போடும் பழக்கம் இருந்தால், குப்பைக்குப் போகவேண்டியது எது என்று ஆறுதலாக இருந்து பேசுங்கள்.

அஸ்பார்ட்டேம் உடலில் உடைந்து மெதனோல் வரும் என்பதும் உண்மைதான். நிறையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு குளுசைக்கு 2 மில்லிகிராம். பழங்களிலும் பழச்சாறுகளிலும் மெதனோல் இயல்பாகவே இருக்கிறது, ஈரல் அதைக் கையாளும். அஸ்பார்ட்டேமை அறவே தொடக்கூடாதவர்கள் பினைல்கீற்றோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்கள். அவர்களுடைய உடல் பினைலலனின் என்ற பொருளைக் கையாளமாட்டாது. ‘பினைலலனின் அடங்கியது’ என்று பெட்டியில் அச்சடிப்பது அவர்களுக்காகத்தான். மற்றவர்கள் அதைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: ஏ9 வீதியில் பஸ் ஓடுகிறேன். வயது 42, நிறை 88 கிலோ. சீனியை அடியோடு விட்டு மூன்று மாதமாகக் குளுசைதான். சோடாவும் சீனி இல்லாததுதான் வாங்குகிறேன். அரைக் கிலோகூடக் குறையவில்லை. குளுசையே உடம்பைப் போடவைக்கும் என்று நடத்துநர் சொல்கிறார்.
— வாசகர், பரந்தன்

இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்லவேண்டும், ஏனென்றால் வந்த கடிதங்களில் பாதி இதைத்தான் கேட்கின்றன.

முதலில் நீங்கள் விட்டது எவ்வளவு என்று பார்ப்போம். நாளுக்கு ஐந்து தேத்தண்ணி, ஒவ்வொன்றுக்கும் குவித்து இரண்டு தேக்கரண்டி சீனி என்று வைப்போம். குவித்த கரண்டி 7 கிராம் பிடிக்கும். மொத்தம் 70 கிராம், 280 கலோரி. இது சின்னத் தொகை இல்லை. வேறொன்றும் மாறாமல் இருந்தால் மூன்று மாதத்தில் தராசில் தெரிந்திருக்கவேண்டும்.

தெரியவில்லை என்றால், அந்த 280 வேறு வாசலால் உள்ளே வந்திருக்கிறது. முறிகண்டியில் பஸ்ஸை நிறுத்தினால் கச்சான் வாங்காமல் யார் ஏறுகிறார்கள்? வறுத்த கச்சான் 50 கிராம், அதாவது கோது நீக்கினால் உள்ளங்கை நிறையக் கிட்டத்தட்ட இரண்டு தரம், 280 கலோரிதான். கச்சான் கெட்ட சாப்பாடு இல்லை. ஆனால் ஐந்து தேத்தண்ணியில் மிச்சம்பிடித்ததை ஒரு சரை கச்சான் சரிக்கட்டிவிடும். ‘சீனியைத்தானே விட்டிட்டன்’ என்ற தைரியத்தில் எடுக்கும் ஒரு மாலுபணிசும் அதே வேலையைத்தான் செய்யும்.

இரண்டாவது, கடைத் தேத்தண்ணி. ‘சீனி போடாமல்’ என்று சொல்லிவிட்டுப் பால் தேத்தண்ணி கேட்டால், பல கடைகளில் ரின்பால்தான் விழும். ரின்பாலில் பாதிக்கு மேல் சீனி. ஒரு மேசைக்கரண்டியில் 11 கிராம் சீனியும் 65 கலோரியும் இருக்கும். அதற்குமேல் உங்கள் குளுசையையும் போட்டுக் கலக்கினால், கணக்கு முழுதும் உங்கள் மனதில்தான் குறைகிறது. வெளியில் வெறுந்தேத்தண்ணி கேளுங்கள். பால் வேண்டுமென்றால் பால்மா போடும் கடையாகப் பாருங்கள்.

இனி நடத்துநர் சொன்னது. 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் ஒரு வழிகாட்டலை வெளியிட்டது: உடல் நிறையைக் கட்டுப்படுத்தும் வழியாக இந்த இனிப்பூட்டிகளைப் பாவிக்கவேண்டாம் என்று. அதற்கு ஆதாரமாக எடுத்த ஆய்வுகள் இரண்டு வகை. ஆட்களைக் குழுக்களாகப் பிரித்துச் சில மாதங்கள் கவனித்த ஆய்வுகளில், இனிப்பூட்டி எடுத்தவர்களுக்குச் சராசரியாக 0.7 கிலோ அளவு நிறை குறைந்திருந்தது. சீனிக்குப் பதிலாக எடுத்தபோதுதான் பலன் தெரிந்தது, தண்ணீரோடு ஒப்பிட்டபோது பெரிதாக ஒன்றுமில்லை. மற்ற வகை, மக்களை அவர்கள் பாட்டில் விட்டுப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தவை. அவற்றில் இனிப்பூட்டி எடுப்பவர்களிடையே உடற்பருமனும் நீரிழிவும் கூடுதலாகவே காணப்பட்டன. நடத்துநர் பிடித்தது இந்த வாலை. ஏற்கெனவே உடம்பு வைத்தவர்களும் சீனி எல்லையில் நிற்பவர்களும்தானே முதலில் குளுசைக்கு மாறுகிறார்கள்? அதனால் குளுசைதான் காரணம் என்று அந்த எண்களை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. அந்த வழிகாட்டலையும் ‘நிபந்தனைக்குட்பட்ட பரிந்துரை’ என்றுதான் நிறுவனம் வெளியிட்டது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அது பொருந்தாது என்றும் சொல்லியிருக்கிறது.

எங்கள் கருத்து: குளுசை உடம்பைக் கரைக்காது. சீனி இருந்த இடத்தில் சீனி இல்லாமல் செய்யும், அவ்வளவே. அந்த இடம் காலியாகவே இருந்தால் பலன் உண்டு.

ஒரு கிழமைக்கு ஒரு கொப்பியில், பஸ்ஸில் இருந்தபடி வாயில் போடும் ஒவ்வொன்றையும் எழுதுங்கள். ‘கச்சான் 1 சரை, பணிஸ் 1, பால் தேத்தண்ணி 2’ என்றால் போதும். அதில் அடிக்கடி வருவதில் ஒன்றை மட்டும் வெட்டுங்கள். மத்தியானச் சோற்றில் இரண்டு அகப்பையைக் குறைத்து, அந்த இடத்தைக் கீரையாலும் பயிற்றங்காயாலும் நிரப்புங்கள். 88 கிலோவில் 4 கிலோ குறைந்தாலே பிறசருக்கும் சீனிக்கும் வித்தியாசம் தெரியும்.

கேள்வி: பனங்கட்டி இயற்கையானது, சீனியைக் கூட்டாது, குளுசையைவிட அது நல்லது என்கிறார்கள். உண்மையா?
— வாசகர், முள்ளியவளை

இல்லை. பனங்கட்டியின் பெரும்பகுதி சுக்குறோஸ்தான்; கடைச் சீனியில் இருக்கும் அதே பொருள். கனிமங்கள் கொஞ்சம் உண்டு, ஆனால் அவற்றுக்காகச் சாப்பிடும் அளவில் இல்லை. 15 கிராம் துண்டு ஒன்றில் 55 கலோரிக்குக் குறையாது. தேனுக்கும் கல்லாக்காரத்துக்கும் இதே பதில்தான்.

ஆனால் வெறுந்தேத்தண்ணியைப் பனங்கட்டி கடித்துக் குடிக்கும் பழக்கத்தில் ஒரு நன்மை இருக்கிறது. இனிப்பு நேரே நாக்கில் படுவதால், கரைத்துக் குடிப்பதைவிடக் குறைவிலேயே நிறைவு வரும். நீரிழிவு இல்லாதவர் குட்டானைப் பக்கத்தில் வைக்காமல், சுண்டு விரல் நுனியளவு ஒரு துண்டை எடுத்துக்கொண்டு வந்திருந்து குடித்தால், கலக்கிய இரண்டு கரண்டி சீனியைவிட இலாபம். நீரிழிவு உள்ளவர் அதையும் அன்றைய சீனிக் கணக்கில் சேர்க்கவேண்டும். சிறுநீரக வருத்தத்துக்குக் கிளினிக் போகிறவர்கள் பனங்கட்டியில் பொற்றாசியம் இருப்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: அப்பா இன்சுலின் போடுகிறவர். வயலில் நின்றவர் வியர்த்து, நடுங்கி, கதை குழறியது. வீட்டில் சீனி வாங்குவதே இல்லை என்பதால் இனிப்புக் குளுசை நாலைந்து கரைத்துக் கொடுத்தோம். தெளிய நெடுநேரம் எடுத்தது.
— வாசகி, விசுவமடு

இந்தப் பதிலை வெட்டி அடுப்படியில் ஒட்டிவையுங்கள். இனிப்புக் குளுசையும் ‘சீனி இல்லாத’ சோடாவும் இரத்தத்தில் சீனியை ஏற்றாது. அதற்காகத்தான் அவற்றை வாங்குகிறோம். இரத்தத்தில் சீனி விழுந்தபோது அவை வெறும் தண்ணீருக்குச் சமம்.

நினைவு இருந்தால், விழுங்க முடிந்தால்: அரைக் கிளாஸ் தண்ணீரில் நிஜச் சீனி மூன்று தேக்கரண்டி, அல்லது வழமையான சீனி போட்ட சோடா 150 முதல் 200 மில்லிலீற்றர். குளுக்கோஸ் தூள் என்றால் 15 கிராம். பதினைந்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். மாற்றமில்லை, அல்லது சீனி பார்க்கும் மானியில் 70க்குக் கீழ் என்றால் அதே அளவை மீண்டும் கொடுங்கள். தெளிந்ததும் சோறோ பாணோ சாப்பிடவேண்டும், இல்லாவிட்டால் திரும்பவும் விழும். சொக்கிலேற், லட்டு வேண்டாம். கொழுப்பு இருப்பதால் சீனி மெதுவாகவே இரத்தத்தில் ஏறும்.

நினைவில்லை என்றால் வாயில் எதுவும் ஊற்றக்கூடாது. பக்கவாட்டில் சரித்துப் படுக்கவைத்து 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

கிளிபென்கிளமைட், கிளிக்லசைட், ரொல்பியூட்டமைட் என்ற நீரிழிவு மருந்துக் குளுசைகள் எடுப்பவர்களுக்கும் இது நடக்கலாம். வெயிலில் வேலை, சாப்பாடு பிந்தல், வழமையான ஊசி மூன்றும் சேர்கிற நாளில்தான் பெரும்பாலும் நடக்கும். வயலுக்குப் போகும்போது சட்டைப் பையில் 15 கிராம் சீனி, சின்னப் பொலித்தீன் பையில் முடிந்து. வீட்டில் சீனியே வைக்காமல் விடுவது, இன்சுலின் போடும் வீட்டில் நல்ல பழக்கம் அல்ல.

இதே பிழை வயிற்றோட்டத்திலும் நடக்கிறது. பிள்ளைக்கு உப்புச்சீனிக் கரைசல் கலக்கும்போது சீனிக்குப் பதில் குளுசை போடக்கூடாது. குடல் உப்பை உள்ளே இழுக்கக் குளுக்கோஸ் கூடவே வேண்டும், தண்ணீர் உப்பின் பின்னால்தான் போகும். ஜீவனிப் பைக்கெற் இருந்தால் அதுவே சிறந்தது. இல்லாவிட்டால் கொதித்து ஆறிய ஒரு லீற்றர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு.

கேள்வி: மாமிக்காகப் பாயாசத்தில் சீனிக்குப் பதிலாகக் குளுசை போட்டுக் காய்ச்சினேன். இனிப்பே இல்லை. அடுத்தமுறை கூடப் போட்டேன், கைத்தது. கேக்கும் கல்லாகிவிட்டது.
— வாசகி, மல்லாவி

முதல் தரம் இனிப்பில்லாமல் போனது அஸ்பார்ட்டேமாக இருக்கும். கொதிக்கவிட்டால் அது உடைந்து இனிப்பை இழக்கும். இரண்டாம் தரக் கைப்பு அளவு கூடியதால். சக்கரின் கலந்த குளுசை என்றால் இன்னும் கூடக் கைக்கும்.

பாயாசத்தைச் சீனி இல்லாமல் காய்ச்சி இறக்குங்கள். குடிக்கும் சூட்டுக்கு வந்தபிறகு, குளுசைகளை இரண்டு மேசைக்கரண்டி இளஞ்சூட்டு நீரில் கரைத்து ஊற்றிக் கலக்குங்கள். ஒரு குளுசை தலை தட்டிய ஒரு தேக்கரண்டி சீனிக்குச் சமம். ஆறு பேருக்கு 100 கிராம் சீனி போடுகிறவர் என்றால் 25 குளுசை வரும். அவ்வளவும் குளுசையாகப் போட்டால் நாவில் பின்சுவை நிற்கும். மாமிக்குத் தனியாக எடுத்துக் கலப்பதே நல்லது. மற்றவர்களுக்கு 60 கிராம் சீனி போதும், ஏலக்காயைச் சற்றுக் கூட்டுங்கள்.

ஆனால் மாமி குடிக்கும் பாயாசத்தில் சவ்வரிசி இருக்கிறதே. 100 கிராம் சவ்வரிசியில் 85 கிராமுக்கு மேல் மாச்சத்து, அதுவும் சீனியாகத்தான் இரத்தத்துக்குப் போகும். குளுசை போட்ட பாயாசம் என்றாலும் அரைக் கோப்பையோடு நிற்கவேண்டும். சவ்வரிசியைப் பாதியாக்கிப் பயறைக் கூட்டினால் இன்னும் நல்லது.

கேக்கில் சீனி இனிப்புக்கு மட்டும் இல்லை. பட்டரோடு அடிக்கும்போது காற்றைப் பிடிப்பதும், ஈரத்தைக் காப்பதும், மேலே நிறம் தருவதும் சீனிதான். அது இல்லாவிட்டால் கல்லாகத்தான் வரும். 250 கிராம் சீனி கேட்கும் கேக்கை 170 கிராமில் செய்யுங்கள், வேறொன்றும் சேர்க்கவேண்டாம். சூடு தாங்கும் சுக்ரலோஸ் தூள் வாங்கினால் பைக்கெற்றைப் படியுங்கள். கரண்டியால் அளக்கும் தூளில் பெரும்பகுதி மோல்ட்டோடெக்ஸ்ரின் என்ற மாப்பொருள். ஒரு கோப்பைக்கு 100 கலோரிக்குக் கிட்ட வரும்.

நெல்லி, தோடை, மாம்பழ ஜாமுக்கு இனிப்பூட்டியைப் பாவிக்கவேண்டாம். பூஞ்சணம் பிடிக்காமல் காப்பது அந்தச் சீனிதான்.

கேள்வி: பிள்ளைகளுக்குப் பச்சைப் புள்ளி போட்ட சோடா வாங்கிக் கொடுக்கலாமா?
— வாசகர், புதுக்குடியிருப்பு

2016 முதல் இலங்கையில் போத்தல் பானங்களில் இருக்கும் நிறப்புள்ளி சீனி அளவை மட்டும் காட்டும். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2க்குக் கீழ் பச்சை. இனிப்பாக இருந்தும் பச்சை என்றால், உள்ளே இனிப்பூட்டி இருக்கிறது என்று எடுங்கள். சேர்மானப் பட்டியலில் இந்த எண்களைத் தேடுங்கள்: 950 அசிசல்பேம், 951 அஸ்பார்ட்டேம், 952 சைக்லமேட், 954 சக்கரின், 955 சுக்ரலோஸ், 960 ஸ்டீவியா.

பிள்ளையின் நிறை குறைவு என்பதால் எல்லையும் கிட்ட வந்துவிடும். 15 கிலோ பிள்ளைக்கு ஒரு நாளைக்கு அஸ்பார்ட்டேம் 600 மில்லிகிராம், சைக்லமேட் 165, சக்கரின் 75. திருவிழாவில் ஒரு போத்தல் குடித்தால் ஒன்றும் ஆகாது. அன்றாடம் வேண்டாம். செவ்விளநீரும் மோரும் கிடைக்கிற ஊரில் இதற்கு ஏன் காசு?

கேள்வி: ‘சுகர் ஃப்ரீ’ பிஸ்கற் ஒரு பைக்கெற் சாப்பிட்டேன். வயிறு ஊதி வெளியே போகத் தொடங்கிவிட்டது.
— வாசகர், நெடுங்கேணி

சீனிக்குப் பதிலாகப் பிஸ்கற்றில் போடும் சோர்பிற்றோல் அல்லது மல்ரிற்றோல்தான் காரணம். இவை குடலில் முழுதாக உறிஞ்சப்படாமல் தண்ணீரை இழுக்கும். இரண்டு மூன்று பிஸ்கற்றோடு நிறுத்துங்கள். மல்ரிற்றோலில் சீனியின் பாதிக்குக் கலோரியும் இருக்கிறது, மாவும் கொழுப்பும் வேறு. நிறை குறைக்க வாங்குவதென்றால் வீண் செலவு.

இதே வகை இனிப்பூட்டியான சைலிற்றோல் போட்ட சுவிங்கம் பல்லுக்கு நல்லது, நாய்க்கு நஞ்சு. எட்டாத இடத்தில் வையுங்கள்.

கேள்வி: சீனித்துளசி (ஸ்டீவியா) நட்டிருக்கிறேன். இலையைத் தேத்தண்ணியில் போடலாமா?
— வாசகி, துணுக்காய்

இடைக்கிடை ஓர் இலை போட்டுக் குடிப்பதால் கெடுதி என்று சொல்லமாட்டோம். ஆனால் உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 4 மில்லிகிராம் என்று நிபுணர் குழு ஏற்றது, 95 வீதத்துக்குக் குறையாமல் சுத்திகரித்து எடுத்த சாரத்துக்கு மட்டும். பச்சை இலைக்கு அப்படி ஒரு அளவு வகுக்கப்படவில்லை. ‘இயற்கை’ என்ற சொல்லை நம்பி இலைத் தூளைக் கரண்டி கரண்டியாகப் போடவேண்டாம்.

கேள்வி: கர்ப்பகாலச் சீனி வருத்தம். குளுசை பாவிக்கலாமா?
— வாசகி, வவுனியா

அஸ்பார்ட்டேம், சுக்ரலோஸ் குறைந்த அளவில் பாதகமில்லை. சக்கரினைத் தவிருங்கள், அது நச்சுக்கொடியைக் கடந்து பிள்ளைக்குப் போகும். கிளினிக்கில் எந்தக் குளுசை என்று பெட்டியைக் காட்டிக் கேளுங்கள். தேத்தண்ணியில் சீனியைக் கிழமைக்கு அரைக் கரண்டியாகக் குறைத்துவந்தால், பலருக்கு ஒரு மாதத்தில் குளுசையே தேவைப்படாது, நாக்கு பழகிவிடும்.

கேள்வி: முன்பு ஒரு குளுசை போதும். இப்போது அதே போத்தலில் மூன்று போட்டாலும் இனிக்கவில்லை. போலிச் சாமானா?
— முச்சக்கரவண்டிச் சாரதி, மாங்குளம்

போத்தலை எங்கே வைக்கிறீர்கள்? வண்டியின் முன்தட்டில் என்றால் காரணம் அதுதான். சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் இருக்கும் சூட்டிலும், ஈரக் கையால் திறந்து மூடுவதிலும் அஸ்பார்ட்டேம் மெல்ல மெல்ல உடையும். கடை வாசலில் வெயில் படும்படி அடுக்கிய ‘சீனி இல்லாத’ சோடாவும் இப்படித்தான் சப்பென்று போகும். உடைந்தது நஞ்சாவதில்லை, இனிப்புத்தான் போகும். புதுப் போத்தல் வாங்கினால் அன்றன்றைக்குத் தேவையான நாலைந்தை மட்டும் சின்ன டப்பாவில் போட்டு இடுப்புப் பையில் வையுங்கள், மிச்சம் வீட்டில் நிழலான தட்டில் இருக்கட்டும். குளிர்சாதனப் பெட்டி வேண்டாம். வெளியே எடுக்கும்போது ஈரம் படியும். நிறம் மாறிய குளுசையை எறிந்துவிடுங்கள். வண்டியில்தான் வைக்கவேண்டும் என்றால் சுக்ரலோஸ் குளுசைக்கு மாறுங்கள், அது சூட்டைக் கூடத் தாங்கும்.